ஓடாத வண்டியின் ஆரோக்கியம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, குத்துக்கல்வலசையில் சொரிமுத்து வீட்டுக் கார் கொட்டகையில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டால் பிறகு குழப்பம் வராது.

கடையத்திலிருந்து வந்திருந்த சம்பந்தி இசக்கிதுரை, வீட்டில் இருந்ததிலேயே நல்ல நாற்காலியில், காருக்கு நேர் எதிரே, வழக்கு விசாரிக்க வந்தவர் போல் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் காஜா ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தார். சொரிமுத்துவின் மனைவி ஆனந்தவள்ளி வாசற்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வடிவாம்பாள் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் நின்றாள். ஆனால் அவளுடைய இரண்டு கையும் முகமும் இந்தப் பக்கம் இருந்தன. சொரிமுத்து எங்கும் உட்காரவில்லை. காரின் டிக்கிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே நிற்பவரைப் போல் நின்றுகொண்டிருந்தார்.

காருக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. உட்கார வழியில்லை. நான்கு கதவுகளும் டிக்கியும் பூட்டிக் கிடந்தன. சாவி டிக்கிக்குள் இருந்தது. டிக்கியைத் திறப்பதற்குக் கரண்ட் கொடுக்க வேண்டிய சின்ன பேட்டரியும் டிக்கிக்குள்தான் இருந்தது. அந்த பேட்டரியின் வயரை முந்தின நாள் கழற்றிவிட்டு டிக்கியைச் சாத்தியவர் சொரிமுத்து.

"அப்ப, பெட்டிக்குள்ள சாவியப் போட்டு பெட்டியப் பூட்டியிருக்கீய" என்றார் இசக்கிதுரை.

"பூட்டல சம்பந்தி. மெதுவாத்தான் சாத்துனேன்."

"மெதுவாச் சாத்துனா மட்டும் உள்ள இருக்க சாவி வெளிய வந்துருமா?"

காஜா சிரிப்பை அடக்க சக்கரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கார் மாப்பிள்ளையுடையது. சொரிமுத்துவின் மகள் முத்துச்செல்வியைக் கட்டியிருக்கும் மாரிராஜ் ராணுவத்தில் இருக்கிறார். பனி பெய்யும் எல்லையில், போன் சிக்னல் எட்டாத ஓர் இடத்துக்கு அவரை மாற்றிவிட்டார்கள். முத்துச்செல்வி பதான்கோட்டில் ராணுவக் குடியிருப்பில் இருந்தாள். வாங்கிச் சில மாதமே ஆகியிருந்த ஹைபிரிட் காரை ஊரில் யாரிடமாவது விட்டுப் போக வேண்டும். கடையத்தில் சொந்த அப்பா வீடும் பெரிய கொட்டகையும் இருக்க, மாமனார் வீட்டில் கொண்டுவந்து நிறுத்தினார் மாரிராஜ். கேட்டதற்கு ஒரே காரணம்தான் சொன்னார்.

"மாமா போலீஸ் டிப்பார்ட்மென்ட் டிரைவர்லா."

சர்வீஸ் முழுக்கப் போலீஸ் ஜீப் ஓட்டி, ஒரு கீறல் விழாமல் திருப்பிக் கொடுத்து ஓய்வுபெற்றவர் சொரிமுத்து. அந்த ஒரு வார்த்தை அவர் நெஞ்சில் மெடல் போல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இசக்கிதுரை நெஞ்சில் அது வேறு விதமாக உட்கார்ந்தது.

இப்போது மாரிராஜ் அடுத்த மாதம் லீவில் வருகிறார். காரைப் பார்ப்பார். லீவு முடிந்து திரும்பும்போது அது எந்த வீட்டில் நிற்பது என்று முடிவாகும். அதற்குமுன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் இசக்கிதுரை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கியிருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள இது உருளலன்னா லாரி கொண்டாந்து கடையத்துக்கு ஏத்திருவேன் சம்பந்தி. மனசுல வச்சுக்கிடாதீய."

சொரிமுத்து டிக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை.

விட்டுப் போகும்போது மாரிராஜ் தெளிவாகத்தான் சொன்னார். "மாமா, இது ஹைபிரிட். சும்மா நிறுத்தி வைக்கத்தான் கூடாது. நல்லா ஓட்டுங்க." முதல் இரண்டு வாக்கியங்களையும் சொரிமுத்து அறிவுரையாக எடுத்துக்கொண்டார். மூன்றாவதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை காரை மாமனார் ரோட்டில் ஓட்டி, எவனாவது பின்னால் வந்து உரசிவிட்டால் எந்த முகத்தோடு சம்பந்தி வீட்டுக்குப் போவது?

ஆகவே அவர் ஒரு முறை வகுத்துக்கொண்டார். கார் ரோட்டுக்குப் போகாது. சனிக்கிழமைதோறும் கொட்டகையிலேயே பொத்தானை அமுக்கி அரைமணி நேரம் விடுவது. தினமும் துடைப்பது. மாதம் ஒரு கடிதம் எழுதி மாப்பிள்ளைக்குத் தெரிவிப்பது. அவருடைய சொந்தப் போக்குவரத்துக்கு மொபெட் இருந்தது. விடியுமுன் அதில் சுந்தரபாண்டியபுரம் வயலுக்குப் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, வெயில் ஏறித்தான் திரும்புவார். ஆனந்தவள்ளி தலையைத் துவட்டிக்கொண்டே இட்லி எடுத்து வைப்பாள். சாப்பிட்டுவிட்டுத் துணியோடு கொட்டகைக்குப் போனால் பல நாள் கார் கழுவித் துடைத்தே நிற்கும்.

"நீயா கழுவுன?"

"மருமவன் வண்டின்னா எனக்கும் அக்கறை இருக்காதா?" என்பாள்.

முதல் சனிக்கிழமையே ஒரு சிக்கல். பொத்தானை அமுக்கினார். எதிரே திரையில் பச்சை எழுத்து வந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினார். எழுத்து போய்விட்டது. உடனே காஜாவைக் கூப்பிட்டார்.

"சத்தம் வராது அண்ணாச்சி" என்றார் காஜா. "பின்சீட்டுக்கு அடியில பெரிய பேட்டரி இருக்குல்லா, அதுல நிக்குது. தேவைப்பட்டா இஞ்சின் தானா எந்திரிக்கும்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் இஞ்சின் எழுந்துகொண்டது. இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள். சிறிது நேரம் ஓடி, அது தானாகவே அடங்கியது.

"ஏன்வே நின்னுட்டு?"

"பேட்டரி ரொம்பிட்டு. வேலை முடிஞ்சிதுன்னு படுத்துக்கிட்டு."

"எங்க டிப்பார்ட்மென்ட்டுல இப்படிப் படுத்தா மெமோ குடுப்பாங்க" என்றார் சொரிமுத்து. பிறகு கவலையோடு கேட்டார். "இஞ்சின் ஸ்டார்ட் ஆவுதப்பதான தேயும்? இது நிமிசத்துக்கு ஒருக்க நின்னு எந்திச்சா எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"அதுக்குத் தக்கனதான் செஞ்சிருக்கான். பழைய வண்டி மாதிரி சின்ன ஸ்டார்ட்டர் போட்டு இழுக்கறது இல்ல. பெரிய மோட்டாரே வேகமாச் சுத்திவிட்டு, அதுக்கப்புறந்தான் பெட்ரோல் குடுக்கும். தேய்மானம் கம்மிதான். ஆனா பாதிச் சூட்டுலயே நின்னுக்கிட்டு இருந்தா உள்ள ஈரம் தங்கும். அப்பப்ப ஒரு நீட்டு ஓட்டு ஓட்டிருங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தையும் சொரிமுத்து மரியாதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

"ஓட்டறதுல என்ன இருக்கு?" என்றார் அலட்சியமாக. "கியர் கிடையாது. கிளட்ச் கிடையாது. இதுக்கு டிரைவர் எதுக்கு? யார உக்கார வச்சாலும் ஓட்டிட்டுப் போயிருவா."

வாசற்படியில் இருந்த ஆனந்தவள்ளி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படியாங்க?"

"பின்னே? முத்துச்செல்வி கார் பழகப் போனப்ப நீயுந்தான் துணைக்குப் போய்ப் பாத்தல்லா? அது கியர் வண்டி. அதுதான் வித்தை. இது விளையாட்டுச் சாமான்."

அவள் எழுந்து உள்ளே போனாள்.

மாதங்கள் நன்றாகத்தான் போயின. கடிதங்களும் போயின. திரையின் ஓரத்தில், இருக்கிற பெட்ரோலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று ஓர் எண் வரும். வேறு எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்ததால் சொரிமுத்து பார்ப்பது அந்த ஓர் எண்ணை மட்டும்தான். சனிக்கிழமைதோறும் அரைமணி நேரம் ஓடியும் அது குறையவே இல்லை. சில வாரங்களில் கூடியும் இருந்தது.

"பேட்டரி தானா சார்ஜ் ஏறுதுன்னு சொன்னீரே, பெட்ரோலுமா?" என்று காஜாவைக் கேட்டார்.

காஜா தலையைச் சொறிந்தார். அவர் தொழில் பழகியது டீசல் வண்டியில். ஹைபிரிட் படித்தது செல்போன் வீடியோவில். "புதுசு புதுசாக் கண்டுபிடிக்கான் அண்ணாச்சி" என்றார்.

அந்த மாதக் கடிதத்தில் சொரிமுத்து, 'பெட்ரோல் ஒரு சொட்டும் குறையவில்லை. முறையான பராமரிப்பே காரணம்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டார்.

பிறகு சாரல் தொடங்கியது. தொல்லையும் தொடங்கியது.

ஒரு நாள் கதவைத் திறந்தால் பின்பக்க மிதியடி சொதசொதவென்று நனைந்திருந்தது. மேலே பார்த்தார்.

"கொட்டகை ஒழுகுது."

"ஆமா, ஒழுகத்தான் செய்யுது" என்று ஆனந்தவள்ளி உடனே ஒப்புக்கொண்டாள். எதையும் உடனே ஒப்புக்கொள்கிறவள் அல்ல அவள்.

தகரத்தை மாற்றினார். மிதியடி மறுபடி நனைந்தது. மூடியிருக்கும் கார் கண்ணாடி வழியாகத் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பது புரியாவிட்டாலும், தார்ப்பாய் வாங்கிக் காரைத் தலையோடு போர்த்தினார். ஈரம் உள்ளேயே நின்று, ஒரு சாயங்காலம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தபோது, சக்கரத்துக்குள் தெரியும் பிரேக் டிஸ்க் செம்மண் பூசியதுபோல் துருப்பிடித்திருந்தது.

காஜா குனிந்து பார்த்தார். "ஹைபிரிட்ல இது ஒரு வம்பு. கால எடுத்த உடனே மோட்டாரே வண்டியப் புடிச்சு நிறுத்தும். அதுல பேட்டரிக்கு சார்ஜும் ஏறும். பிரேக் கட்டைக்குப் பாதி வேலை கிடையாது. கட்டை தேயாம வருசக்கணக்கா வரும். ஆனா தேயாததுனாலயே துரு ஏறும்."

"தேஞ்சாலும் குத்தம், தேயலன்னாலும் குத்தமா? சரி, காலையில தேங்காய் எண்ணெய் தடவிருதேன்."

"ஐயோ, வேண்டாம்!" என்று உள்ளேயிருந்து ஆனந்தவள்ளி ஓடிவந்தாள். "டிஸ்க்ல எண்ணெய் பட்டா பிரேக் புடிக்காதே!"

சொரிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு எப்படிட்டி தெரியும்?"

"டிவில சொன்னான்."

மறுநாள் வயலிலிருந்து திரும்பிப் பார்த்தால், டிஸ்க் புதுச் சில்வர் தட்டு போல் பளபளத்தது. துரு போன இடம் தெரியவில்லை. தார்ப்பாய்தான் இழுத்துக்கொண்டது என்று சொரிமுத்து முடிவு செய்தார். அதையும் எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்சீட்டின் ஓரத்தில் சல்லடை போல் ஒரு துவாரம் உண்டு. பெரிய பேட்டரி சூடாகாமல் இருக்க, காருக்குள் இருக்கும் காற்றை அந்த வழியாகத்தான் ஒரு விசிறி இழுக்கும். அந்தச் சல்லடையில் வெள்ளை நூல் நூலாகத் தொங்கியது. சொரிமுத்து ஒன்றை உருவினார். துண்டு நூல்.

"எலி!" என்றார்.

"எலியேதான்" என்றாள் ஆனந்தவள்ளி. "நேத்துக்கூட நான் பாத்தேன். இம்புட்டுப் பெருசு."

எலி இருப்பது உறுதியாகிவிட்டதால் சொரிமுத்து முதலில் அந்துருண்டை போட்டார். அந்த வாசத்தில் அவருக்குத்தான் கண் எரிந்தது. பிறகு பசை அட்டை வைத்தார். அதில் அவருடைய இடது செருப்பு ஒட்டியது. கடைசியாக, எலி பேட்டரிக்குள் இறங்கிவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று பழைய வேட்டியைக் கிழித்து, துவாரத்தை இறுக அடைத்தார்.

"ஏங்க, அது காத்துப் போற வழி. அடைச்சா பேட்டரி மூச்சு முட்டாதா?"

"பேட்டரிக்கு மூக்கா இருக்கு? நீ சும்மா கிட."

இரண்டு நாள் கழித்து ஆனந்தவள்ளி காலையில் இட்லிக்குப் பதில் உப்புமா போட்டாள். முகம் சரியில்லை. மதிலுக்கு அப்பால் வடிவாம்பாளுக்கும் முகம் சரியில்லை. "வண்டிய ஒருக்க ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்" என்றாள் ஆனந்தவள்ளி. சனிக்கிழமை அல்லாத நாளில் ஸ்டார்ட் செய்வது முறையல்ல என்று சொரிமுத்து மறுத்துவிட்டார். சனிக்கிழமை அமுக்கியபோது, பின்சீட்டுக்குள்ளிருந்து விமானம் கிளம்புவது போல் விசிறி அலறியது. விளக்கு சிவப்பாகியிருந்தது.

ஜீப்பில் விளக்கு எரிந்தால் சொரிமுத்துவுக்கு வைத்தியம் தெரியும். பேட்டரி வயரைக் கழற்றி, ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும்வரை விட்டு, திரும்ப மாட்டினால் விளக்கு அணைந்துவிடும். கதவுகளைப் பூட்டிவிட்டு டிக்கியைத் திறந்தார். சாவியை உள்ளே வைத்தார். வயரைக் கழற்றினார். சாரல் உள்ளே அடிக்குமே என்று டிக்கியை மெதுவாகச் சாத்தினார்.

வெற்றிலை போட்டு முடிந்தது. விளக்கு அணைந்துதான் இருந்தது. எல்லாமே அணைந்துவிட்டிருந்தது.

செய்தி கேட்டு முதலில் ஓடிவந்தவள் வடிவாம்பாள். "ஐயோ, இனிமே காலையில என்ன செய்ய?" என்று அடித்துக்கொண்டாள்.

"உனக்கு என்னம்மா கஷ்டம்?" என்றார் சொரிமுத்து நெகிழ்ந்துபோய். அக்கம்பக்கத்துக்கு மாப்பிள்ளை கார்மேல் இவ்வளவு பாசம் இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

இதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைவரை நடந்தது.

"கண்ணாடிய உடைச்சிரலாமா அண்ணாச்சி?" என்றார் காஜா.

"என் கண்ணாடிய வேணா உடையும்" என்று சொரிமுத்து மூக்குக்கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார்.

"சண்டை போடாதீய" என்றாள் ஆனந்தவள்ளி. "நான் கம்பெனிக்கு போன் போட்டுட்டேன். திருநெல்வேலியில இருந்து ஆள் வருது."

"கம்பெனி நம்பர் உனக்கு எப்படி?"

"கண்ணாடியில ஒட்டியிருக்கே. படிச்சேன்."

பத்து மணி சுமாருக்கு மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பெயர் ஹம்னா. தென்காசிப் பெண்தான். வேலை திருநெல்வேலியில், ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்கு இந்தப் பக்கம் வருவது அவள் முறை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, "ரெண்டாவது சாவி இல்லையா சார்?" என்றாள்.

"கிடையாது. இருந்தா நாங்க ஏன் இங்கன ஊரக் கூட்டி உக்காந்திருக்கோம்?"

ஆனந்தவள்ளி கீரையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். உளுந்து டப்பாவிலிருந்து எடுத்த சாவியை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மருமவன் எங்கிட்டக் குடுத்தாவ. பத்திரமா வச்சிருங்க அத்தைன்னு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"சொன்னா பத்திரமா இருக்குமா?"

இசக்கிதுரை அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தச் சாவிக்குள்ளிருந்து ஹம்னா ஓர் இரும்புச் சாவியை உருவினாள். கதவுக் கைப்பிடியில் ஒரு மூடியைக் கழற்றித் திறந்தாள். பானெட்டைத் தூக்கி, அவசரத்துக்கென்றே அங்கிருந்த முனையில், தான் கொண்டுவந்த பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தாள். டிக்கி திறந்தது. கழற்றிய வயர் ஏறியது. விசிறி மறுபடி அலறியது. துவாரத்திலிருந்து வேட்டித் துணியை உருவ உருவ வந்துகொண்டே இருந்தது.

"இதை யாரு சார் வச்சது?"

"எலிக்காக" என்றார் சொரிமுத்து சன்னமாக.

உள்ளேயிருந்த ஃபில்டரைக் கழற்றி அவள் வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளை நூல், மஞ்சள் நூல், சிவப்பு நூல் எல்லாம் பின்னி, ஜமுக்காளம் போல் இருந்தது. நடுவே நீள நீளமாகத் தலைமுடி.

"எலிக்கு இவ்வளவு நீளத்துல முடியா?" என்றார் காஜா.

"பெருச்சாளியா இருக்கும்!" என்றது மதில்.

"போலீஸ்காரர் வீட்டுலயே இந்தப் பெருச்சாளி குடும்பம் நடத்தியிருக்கு" என்றார் இசக்கிதுரை, எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே. "லாரிக்குச் சொல்லிரட்டுமா சம்பந்தி?"

சொரிமுத்து மறுபடி டிக்கிமேல் கையை வைத்துக்கொண்டார். ஹம்னா மட்டும் மடிக்கணினியைக் காரோடு இணைத்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தாள். இறங்கிச் சக்கரங்களைப் பார்த்தாள். இஞ்சின் ஆயிலை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தாள். மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

"லாரி எதுக்கு?" என்றாள். "ஃபில்டர் அடைச்சதுதான் கோளாறு. மத்தபடி இவ்வளவு நல்லா இருக்கற வண்டிய நான் பார்த்ததில்ல."

இசக்கிதுரை அப்படியே நின்றார்.

"இப்படி மாசக்கணக்கா நிறுத்தி வச்சத எடுக்கப் போனா, சின்ன பேட்டரி செத்துக் கிடக்கும். பெரிய பேட்டரி ஒரு பக்கம் ரொம்பி ஒரு பக்கம் காலியா இருக்கும். பிரேக் துருப்புடிச்சு ஒட்டியிருக்கும். ஆயில்ல ஈரம் இருக்கும். டயர் நின்ன இடத்துல தட்டையாயிரும். இதுல ஒண்ணுகூட இல்ல. ஹைபிரிட்ட எப்படி வச்சிருக்கணும்னு பாடம் எடுக்கணும்னா இந்த வண்டியத்தான் காட்டணும்."

சொரிமுத்துவின் முதுகு நிமிர்ந்தது. "சனிக்கிழமை தவறாம அரைமணி நேரம்" என்றார், சம்பந்தியைப் பார்த்து.

"சனிக்கிழமை மட்டுமா?" ஹம்னா திரையைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். "ஆனா சார், இந்தக் கணக்குப்படி..."

"ஏம்மா, காப்பியா டீயா?" என்றாள் ஆனந்தவள்ளி.

ஹம்னா தலையைத் தூக்கினாள். வாசற்படியில் நின்றவளின் ஈரக் கொண்டையைப் பார்த்தாள். கையிலிருந்த ஃபில்டரைப் பார்த்தாள். மதில்மேல் இருந்த முகத்தையும் பார்த்தாள். அந்த முகம் கண்ணாலேயே கும்பிட்டது.

"டீ குடுங்கம்மா" என்றாள். பிறகு சொரிமுத்துவிடம், "வீட்டுல நல்லா வச்சிருக்காங்க சார், அவ்வளவுதான். நல்ல கை" என்று மடிக்கணினியை மூடினாள்.

"கேட்டீயளா சம்பந்தி? நல்ல கை!" என்றார் சொரிமுத்து.

இசக்கிதுரை நியாயஸ்தர். கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "ஒத்துக்கிடுதேன். வண்டி இங்கனயே நிக்கட்டும். நானே மவன்கிட்டச் சொல்லுதேன். என் டிராக்டரையும் கொண்டாந்து விட்டாத் தேவலாம் போலிருக்கு."

புறப்படும்போது ஹம்னா, "இன்னைக்கு ஒரு சுத்து ஓட்டிப் பாத்துருங்க. விளக்கு திரும்ப வருதான்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அப்ப குற்றாலம்" என்றார் இசக்கிதுரை. "ஐந்தருவியில தண்ணி நல்லா விழுதாம். ஒரு முழுக்குப் போட்டுட்டு வருவோம்."

ஆனந்தவள்ளிக்குத் திடீரென்று தலை வலித்தது. "நீங்க ஆம்பளைய போயிட்டு வாங்க."

"சம்பந்தியம்மா வராம நான் ஏற மாட்டேன்."

"அப்ப மெயின் அருவிக்குப் போவமே? ஐந்தருவியில கூட்டமா இருக்கும்."

"எல்லா அருவியிலயும் கூட்டந்தான். ஐந்தருவிதான்" என்றார் சொரிமுத்து. அன்று அவர் சொல்லுக்கு வீட்டில் எடை கூடியிருந்தது.

கிளம்புமுன் அவர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. உட்கார்ந்து மாப்பிள்ளைக்கு எழுதினார்.

'அன்புள்ள மாப்பிள்ளைக்கு. இவ்விடம் அனைவரும் நலம். வண்டியும் நலம். இன்று கம்பெனியிலிருந்து வந்து முழுமையாகச் சோதித்து, இதுபோல் பராமரித்த வண்டி எங்கும் பார்த்ததில்லை என்று தங்கள் தகப்பனார் முன்னிலையில் சொன்னார்கள். ஹைபிரிட் வண்டி நெடுநாள் உழைக்க வேண்டுமானால் அதை ரோட்டில் ஓட்டவே தேவையில்லை என்பதும், வாரம் ஒருமுறை என் முறைப்படி கவனித்தால் போதும் என்பதும் இதனால் நிரூபணமாகிறது. தாங்கள் இதைத் தங்கள் மேலதிகாரிகளுக்கும் எடுத்துச் சொல்லலாம்.'

இசக்கிதுரையும் கீழே, 'மேற்படி உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உறையை மடித்து, பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டி, ராணுவத் தபால் முகவரியை எழுதினார் சொரிமுத்து.

பிறகு உடை மாற்றிக்கொண்டு வந்தார். ஸ்டியரிங் பிடிப்பதென்றால் காக்கி பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும்தான். அது சர்வீஸ் பழக்கம்.

அவர் காரை நத்தை போல் உருட்டிக்கொண்டு போனார். இசக்கிதுரை பக்கத்தில். ஆனந்தவள்ளி பின்சீட்டின் இடது ஓரத்தில், முந்தானையைத் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, மடியில் மாற்றுத்துணிப் பையோடு.

"பாலம் தாண்டி இடது பக்கம் பள்ளம் இருக்கு. வலது ஒதுங்குங்க" என்றாள்.

பள்ளம் இருந்தது.

"உனக்கு எப்படிட்டி தெரியும்?"

"பஸ்ஸுல போறப்பப் பாத்ததுதான்."

"பிரேக்க அழுத்தாதீங்க, கால எடுத்தாலே நிக்கும்" என்றாள் அடுத்த வளைவில். பிறகு முந்தானையை முகத்துக்கு இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

விளக்கு ஒன்றும் எரியவில்லை. சாரல் கண்ணாடியில் பூவாகத் தூவியது. சத்தமில்லாமல் வண்டி மேடு ஏறியது. சொரிமுத்துவுக்கு வாழ்க்கையில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றியது.

ஐந்தருவி வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு தபால் பெட்டி உண்டு. அதற்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தி இறங்கினார். இன்னொருமுறை உறையின் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தார். பெட்டியின் வாயில் வைத்துத் தள்ளினார். கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. கேட்டபிறகும் ஒருமுறை பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

அதற்குள், நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிக்கும் ஆள் குடையோடு ஓடிவந்து, இவர்கள் இருவரையும் கடந்து, நேராகப் பின்சீட்டுக் கண்ணாடியைத் தட்டினான். முந்தானைக்குள் இருந்த முகத்தைக் குனிந்து பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். காக்கி பேன்ட்டோடு நின்ற சொரிமுத்துவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டான்:

"என்ன ஆச்சி, தெனமும் பொம்பளையள ஏத்திக்கிட்டு நீங்கதான ஓட்டிட்டு வருவீய, இன்னைக்கு டிரைவர் வச்சுட்டீயளோ?"